மனமுவந்த குறைப்பு

ஜெஸ்வின் ஐந்தரைக்கு எழுந்தான். குழாய் திறக்கும் நேரம் ஐந்து நாற்பது. பத்து நிமிடத்தில் இரண்டு குடமும் ஒரு வாளியும் பிடித்தான். பல் தேய்த்தான். ஒரு டம்ளர் தண்ணீர், அரை டம்ளர் பால், ஒரு கரண்டி தேயிலை. மின்னடுப்பை நான்கு நிமிடம் போட்டான். மிச்சமிருந்த மாவில் மூன்று இட்லி வரும், மூன்று ஊற்றினான். குளித்தான். தலை துவட்டினான். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. அந்தப் பழக்கத்தை விட்டு ஏழு வாரமாகிறது.

சமையலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் இணைத்தடங்காட்டி. தூத்துக்குடியில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. டப்பா என்பார்கள். வீட்டில் ஆகும் மின்சாரம், கடையில் வாங்கும் பொருள், ஏறிப் போகும் வண்டி எல்லாவற்றுக்குமான கார்பனையும், குழாயில் இறங்கும் தண்ணீரையும் ஒன்றாகக் கூட்டி, ஒரே எண்ணாக அது காட்டும். எண் அளவுக்குள் இருந்தால் பச்சை. ஏறினால் மஞ்சள். இன்னும் ஏறினால் சிவப்பு. ஒரு வீடு தொடர்ந்து சிவப்பில் கிடந்தால் அந்த அடுக்ககம் முழுவதற்கும் குழாய் நேரம் பாதியாகும், லிஃப்ட் நிற்கும். ஒருவன் செய்வதை எல்லோரும் சேர்ந்து தட்டிக்கேட்க வேண்டும் என்பது திட்டத்தின் தத்துவம்.

இட்லி வேகும்போது டப்பா இரண்டு முறை மணியடித்தது. திரையில் ஒரு இலை நடனமாடியது. அதன் கீழே எழுத்து ஓடியது.

"வாழ்த்துகள்! உங்கள் இல்லத்தின் தடம் கடந்த அரையாண்டைவிட எழுபத்தொரு சதவீதம் குறைந்துள்ளது. உங்கள் நல்ல பழக்கத்தை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்."

எந்த நல்ல பழக்கம் என்று டப்பா சொல்லவில்லை. ஜெஸ்வின் யோசித்துப் பார்த்தான். பெண்டாட்டி செத்துப்போனதைத் தவிர இந்த அரையாண்டில் அந்த வீட்டில் வேறெதுவும் மாறவில்லை. அதை அண்டை வீட்டாரோடு எப்படிப் பகிர்வது என்று தெரியவில்லை. மூன்று இட்லியையும் தின்றான். தட்டைக் கழுவினான். ஆபீசுக்குக் கிளம்பினான்.

அவன் வேலை பார்த்ததும் அந்த டப்பாவுக்குத்தான். தட அளவீட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் தண்ணீர்ப் பிரிவு. மூன்றாம் மாடியில் கார்பன் பிரிவு. இரு பிரிவினரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. டீ குடிக்கக்கூட வேறு வேறு கடைக்குப் போவார்கள். நடுவில், இரண்டாம் மாடியில், இணைப்புப் பிரிவு. கீழே இருந்து ஏறி வரும் எண்ணையும் மேலே இருந்து இறங்கி வரும் எண்ணையும் கூட்டுவது அதன் வேலை. ஏழு பேர் கூட்டினார்கள். ஜெஸ்வின் சரிபார்ப்பவன். பொறியியல் முடித்து, அதற்கு மேலும் இரண்டு வருடம் படித்து, போட்டித் தேர்வு எழுதி அந்த நாற்காலிக்கு வந்திருந்தான்.

பதினொரு மணிக்கு இணை இயக்குநர் வேலாயுதபெருமாள் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்க ஜெஸ்வின், உக்காருங்க. காப்பி சொல்லட்டுமா? உங்க வீடுதான் இப்ப பச்சையாச்சே, தாராளமாக் குடிக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியிருக்க வேண்டும். மூக்கைச் சொறிந்துகொண்டார்.

அறையில் இன்னொருத்தி இருந்தாள். பெயர் மிருதுளா. வாரியத்தின் விளம்பரப் பிரிவு, சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்தவள்.

"சார், முதல்ல உங்க லாஸுக்கு எங்க டீம் சார்பா ரொம்ப வருத்தம்," என்றாள். அதே மூச்சில், "இதைக் கொஞ்சம் பாருங்க," என்று மேசை மேல் ஒரு சுவரொட்டியை விரித்தாள்.

சுகிர்தாவின் படம். அடையாள அட்டைக்கு எடுத்தது. அசலில் அவள் சிரித்திருக்கவில்லை. சிரிப்பை யாரோ கொஞ்சம் வரைந்து சேர்த்திருந்தார்கள். பின்னால் ஒரு ஆறு ஓடியது. தூத்துக்குடிப் பக்கத்தில் அப்படி ஒரு ஆறு கிடையாது. படத்தின் கீழே கொட்டை எழுத்தில், 'என் பங்குத் தண்ணீரை வருங்காலத் தலைமுறைக்கு விட்டுச் செல்கிறேன்' என்று இருந்தது. அதற்கும் கீழே: திருமதி சுகிர்தா ஜெஸ்வின், மனமுவந்த குறைப்பாளர்.

இருபத்தொன்பது வயதில் சுகிர்தாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தின. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு. பிறகு இல்லை.

"வெள்ளிக்கிழமை விழா," என்றார் வேலாயுதபெருமாள். "ஆணையர் வாராங்க. மாவட்டத்துலயே உங்க வீடுதான் முன்மாதிரி இல்லம். நீங்க மேடையேறி இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லணும். 'என் மனைவி சொன்னது இதுதான்'னு உறுதி செய்யணும். அவ்வளவுதான்."

"எதுக்கு சார் உறுதி?"

"விதி அப்படி. இறந்தவங்க ஒப்புதலை முன்னுதாரணமா எடுக்கணும்னா குடும்பத் தலைவர் பொதுவுல வாய்விட்டுச் சொல்லணும். நீங்க சொல்லிட்டா மனமுவந்த குறைப்புப் படிவம் மூணு கடலோர மாவட்டத்துலயும் அமலுக்கு வரும், தாளு முன்னாலயே அனுப்பியாச்சு. இருபத்தாறு டயாலிசிஸ் சென்டர். வாரம் மூணு பண்ணுறவங்க விருப்பப்பட்டா ரெண்டாக் குறைச்சுக்கலாம்."

"விருப்பப்படலேன்னா?"

"டப்பா சிவப்பாகும். பெறவு விருப்பப்படுவாங்க."

மிருதுளா அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"அட்டவணை தப்பு சார்," என்றான் ஜெஸ்வின்.

"எந்த அட்டவணை?" மிருதுளா நிமிர்ந்தாள்.

"நம்ம ஊர்த் தண்ணி கடல்ல எடுக்குறது மேடம். உப்பைப் பிரிக்க கரண்ட் ஆகும். அந்தக் கரண்டுக்கான கார்பனைத் தண்ணிப் பிரிவு, தண்ணியோட எண்ணுலயே ஏத்தி வச்சிருக்கு. அதே கரண்டைக் கார்பன் பிரிவும் எழுதுது. ரெண்டையும் நாங்க கூட்டுதோம்."

"அப்போ ஒரே விஷயம் ரெண்டு தடவை வருதா?"

"ஆமா. வீட்டுல நாலு குடத்துக்கு அது தெரியாது. டயாலிசிஸ்ல ஒரு தடவைக்கு நூத்தி இருபது லிட்டர் சுத்தமான தண்ணி போகும். அதைச் சுத்தமாக்க வீணாப் போறது அதுக்கு மேல. அத்தனையும் நோயாளி வீட்டு எண்ணுல ஏறும். அங்க இந்த ரெட்டிப்பு மலை மாதிரி நிக்கும். சரியா எழுதியிருந்தா எங்க வீடு மஞ்சள்ல நின்னிருக்கும். சிவப்புக்கே போயிருக்காது."

"தப்புன்னு சொல்லாதீங்க," என்றார் வேலாயுதபெருமாள். "பிரிவுகளுக்கிடையே கருத்து வேறுபாடு. நீங்க எழுதின குறிப்பை ரெண்டு மாடிக்கும் அனுப்பியாச்சு. தண்ணிக்காரங்க கார்பன்காரங்களை எடுக்கச் சொல்லுதாங்க. அவங்க இவங்களை எடுக்கச் சொல்லுதாங்க."

"ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க?" மிருதுளா கேட்டாள்.

"எழுதி வச்சதைக் குறைச்சாத்தானம்மா சாதனை? எழுதவே இல்லேன்னா அடுத்த வருசம் எதைக் குறைக்குறது?" அவருக்கே அது நியாயமாகப் பட்டது போலிருந்தது. "காலாண்டுக் கூட்டத்துல வைக்கலாம்."

"ரெண்டு காலாண்டாச்சு சார்."

அந்த அட்டவணையின் அடியில் 'சரிபார்த்தவர்: ஜெ. ஜெஸ்வின்' என்று இருந்தது. வாரியத்தில் சரிபார்ப்பது என்றால் கூட்டல் சரியா என்று பார்ப்பது. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு ஐந்து மாதம் கழித்துத்தான், சொந்த வீட்டு டப்பா சிவப்பான பிறகுதான், எதைக் கூட்டுகிறோம் என்று அவன் பார்த்தான். அடுத்தவன் வீட்டு டப்பா சிவந்திருந்தால் இன்றுவரை பார்த்திருக்க மாட்டான்.

மிருதுளாவுக்கு ஃபோன் வந்தது. வெளியே போனாள். வேலாயுதபெருமாள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரல் தணிந்து, நிஜமான பரிவோடு வந்தது. அதுதான் அதில் அருவருப்பு.

"தம்பி, உங்க வீட்டுப் படிவம் எந்த ஃபோன்ல இருந்து வந்ததுன்னு பதிவுல இருக்கும். நான் இன்னும் பாக்கல. பாக்கவும் மாட்டேன். அடுத்தவங்க பேருல ஒப்புதல் குடுத்தா என்ன சட்டம்னு உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிருங்க. பெறவு யாரும் எதையும் பாக்க வேண்டியதில்ல. நம்ம புள்ள மாதிரி நினைச்சுச் சொல்லுதேன்."

"சரிங்க சார்," என்றான் ஜெஸ்வின். ஏழு வாரமாக யார் எது சொன்னாலும் அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சவப்பெட்டிக் கடைக்காரனுக்கும் அதையேதான் சொன்னான்.

மதியம் பட்டுக்கனி ஃபோன் பண்ணினாள். உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். டயாலிசிஸ் சென்டரில் சுகிர்தாவுக்குப் பக்கத்துக் கட்டில்.

"ஏ ஜெஸ்வினு, உயிரோட இருக்கியா? சாயங்காலம் சென்டருக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ."

"என்னக்கா?"

"வாய்யா, சொல்லுதேன். ஃபோன்ல திட்டுனா எனக்குத் திருப்தியா இருக்காது."

ஐந்து மணிக்குப் போனான். எட்டு மெஷின்கள். எட்டுக் கட்டில்கள். ஒன்று காலியாக இருந்தது. ஆறு பேர் ஒரு கையை அசைக்காமல் நீட்டி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார்கள். பட்டுக்கனி மட்டும் வாசலைப் பார்த்துக் கிடந்தாள்.

"வந்துட்டியா. அந்த ஸ்டூல இழுத்துப் போடு. அவ கட்டில்ல உக்காந்திராத. இப்ப அங்ஙன ஒரு வக்கீல் வாரான். சிடுமூஞ்சி. அஞ்சு நிமிசத்துல வந்து, யாரு உக்காந்ததுன்னு விசாரணை நடத்துவான்."

ஜெஸ்வின் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் தலையணைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவன் மடியில் போட்டாள். மனமுவந்த குறைப்புப் படிவம். மேலே சுகிர்தாவின் படம், வரைந்த சிரிப்போடு.

"இது என்ன எழவு?"

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேம்ல. பத்தாப்பு பாஸானவ நானு. வாசிச்சதாலதான் கூப்பிட்டேன்." தாளைப் பிடுங்கி, மேடைப் பேச்சாளர் குரலில் வாசித்தாள். "'என் பங்குத் தண்ணீரை வருங்காலத் தலைமுறைக்கு விட்டுச் செல்கிறேன்.' இது சுகிர்தா பேச்சா? ரெண்டு வருசம் எம் பக்கத்துல படுத்திருந்தா. என்னைக்காவது தலைமுறையப் பத்திப் பேசியிருப்பாளா அவ? பேசுனதெல்லாம் தீனி. எதைத் திங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாரோ அதத்தான் பேசுவா. கருவாடு. எளநி. வாழப்பழம். 'யக்கா, நான் செத்தா கல்லறைக்குப் பூ வேண்டாம், ஒரு சீப்பு நாட்டுப்பழம் கொண்டாங்க, உறிச்சு வைங்க'ம்பா. நர்சு வந்து ரெண்டு பேரையும் ஏசிட்டுப் போவா."

ஜெஸ்வின் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

"நெசமாவே அவளா இதுல கையெழுத்துப் போட்டா?"

"இல்ல."

"பெறவு?"

"நான் போட்டேன்."

பட்டுக்கனியின் மெஷின் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய ரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் வந்தது.

அவன் சொன்னான். யாரும் கேட்காததால் இதுவரை சொல்லாததை, அறிக்கை வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னான். டப்பா மூன்றாவது மாதமாகச் சிவப்பில் இருந்தது. நாற்பத்தெட்டு வீட்டுக்கும் லிஃப்ட் நின்றது. நாலாவது மாடியில் பக்கவாதத்தில் விழுந்த ஒருவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். இறக்கும்போது அவன் வீட்டு வாசலில் நாற்காலியை வைத்து மூச்சு வாங்கினார்கள். ஆபீசில் சொந்த வீடு சிவப்பாக இருப்பவன் மற்றவர் எண்ணைச் சரிபார்க்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. டாக்டர், "வாரம் ரெண்டு பண்றவங்களும் இருக்காங்க, சாப்பாட்டுல கவனமா இருந்தா சமாளிக்கலாம்," என்றார். அட்டவணை எட்டு வாரத்தில் திருந்திவிடும் என்று அவன் நம்பினான். எட்டு வாரம்தானே.

ஒரு புதன்கிழமை, இரண்டு கூட்டங்களுக்கு நடுவில், ஆபீஸ் வராந்தாவில் நின்றுகொண்டு ஃபோனில் படிவத்தைத் திறந்தான். நோயாளியின் ஒப்புதல் என்ற இடத்தில் 'ஆம்' அமுக்கினான். நோயாளி தன் சொற்களில் காரணம் சொல்ல வேண்டும் என்று அடுத்த பக்கம் கேட்டது. சொந்தச் சொற்களுக்கு ஐந்து வாக்கியங்களைப் படிவமே எழுதி வைத்திருந்தது. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அவன் மூன்றாவதைத் தொட்டான். இருந்ததில் அதுதான் சின்னதாக இருந்தது.

"அவகிட்ட என்ன சொன்ன?" பட்டுக்கனி கேட்டாள்.

"ஆபீஸ்ல ரெண்டாக் குறைச்சுட்டாங்கன்னு சொன்னேன்."

"ஆபீஸ்ல." அவள் அந்தச் சொல்லைத் துப்பினாள். "அதான் எங்கிட்டயும் சொன்னா. 'அவரு என்னக்கா செய்வாரு, மேல இருந்து வந்த உத்தரவு'ன்னா. ஒனக்காக எங்கிட்டச் சண்ட போட்டா, பாத்துக்க. ஒன்னையக் கொன்னு போடணும்ல."

அதை அவள் கோபமில்லாமல் சொன்னாள். மழை வரும்போலிருக்கு என்பது மாதிரி.

வாரம் இரண்டு முறைக்காரர்களுக்கு நிலையான நாள் கிடையாது. எந்த நாளில் மெஷின் ஒழிகிறதோ அந்த நாள். செய்தி குடும்பத் தலைவரின் ஃபோனுக்கு வரும். சில வாரம் செவ்வாயும் வெள்ளியும். சில வாரம் புதனும் வியாழனும், அடுத்தடுத்த நாளில். பிறகு நீளமாக ஒன்றுமில்லாத நாட்கள். அந்த நாட்களில் உடம்பில் தண்ணீர் ஏறும். உப்பு ஏறும். ஆறாவது வாரம் அப்படி ஒரு இடைவெளியில் சுகிர்தாவின் இதயம் நின்றது. அவன் ஆபீசில் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"எம் மவனுக்கும் இதே தாளு வந்திருக்கு," என்றாள் பட்டுக்கனி. "குடும்பத் தலைவருன்னு அவன் பேருதான இருக்கு. ரெண்டு பிள்ளைய வச்சிருக்கான். எங்க வீடும் சிவப்புலதான் கெடக்கு. நேத்து முழுக்க எம் மூஞ்சியப் பாக்காமத் திரிஞ்சான். அவன் நல்ல பையன்."

மெஷினைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீயும் நல்ல பையந்தான்."

ஜெஸ்வின் எழுந்தான்.

"வெள்ளிக்கிழம மேடையில என்ன சொல்லப்போற?"

"அவங்க சொல்லச் சொன்னதச் சொல்லுதேன்னு ஒத்துக்கிட்டேன்க்கா."

"சொல்லு. நல்லாச் சத்தமாச் சொல்லு. இங்க கெடக்குற எட்டுப் பேரு பேரையும் சேத்துச் சொல்லு. ஒவ்வொருத்தரும் சாகும்போது தனித்தனியா ஒன்னைய மேடைக்குக் கூப்பிட வேண்டாம்லா."

வெள்ளிக்கிழமை விழா பத்து மணிக்கு. அரங்கில் குளிர்சாதனம் நடுங்க வைத்தது. அதற்கான தடத்தைப் பக்கத்து மாவட்டத்துக் காற்றாலை ஒன்றின் பெயரில் எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீலத் துணி கட்டிக்கொண்டு மழைத்துளியாக ஆடினார்கள். கரும்புகையாக ஆடிய பெண்ணுக்குத்தான் கைதட்டல் அதிகம். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. தண்ணீர்த் துளி வரைந்த வில்லை ஒன்றைச் சட்டையில் குத்திவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் சுகிர்தா பன்னிரண்டடி உயரத்தில் நின்றாள். அந்த அளவுக்குப் பெரிதாக்கியதில் வரைந்த சிரிப்பு தனியாகத் தெரிந்தது.

முன்வரிசையில் தண்ணீர்ப் பிரிவு வலது பக்கமும் கார்பன் பிரிவு இடது பக்கமும் உட்கார்ந்திருந்தன. நடுவில் இணைப்புப் பிரிவு. ஆணையர் மேடையில் இருந்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். பக்கத்தில் வேலாயுதபெருமாள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவள் மிருதுளா.

"தன் உயிரையே நீராகத் தந்த ஒரு பெண்மணியின் கணவர், இப்போது உங்கள் முன்," என்றாள்.

கைதட்டினார்கள். ஜெஸ்வின் மைக் முன்னால் வந்து நின்றான். எதிரே சின்னத் திரையில் அவன் சொல்ல வேண்டியது ஓடியது. 'என் மனைவி சுகிர்தா தன் விருப்பத்தோடு சொன்னது இதுதான்' என்று ஆரம்பம். எழுத்துக்கள் அவனுக்காகக் காத்து நின்றன. சொல்லிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்விடலாம். பிற்பகல் கூட்டல் இருந்தது.

"பின்னால எழுதியிருக்குறது என் மனைவி சொன்னதில்ல," என்றான்.

கைதட்டல் நிற்கச் சற்று நேரமானது. பின்வரிசையில் சிலருக்குக் கேட்கவில்லை.

"அது படிவத்துல இருந்த மூணாவது வாக்கியம். நான்தான் அமுக்கினேன். என் ஃபோன்ல இருந்து. அவகிட்டக் கேக்கல. அவளுக்கு அப்படி ஒரு படிவம் இருக்குன்னே தெரியாது."

வேலாயுதபெருமாள் பாதி எழுந்தார்.

"அட்டவணையும் தப்பு. கடல் தண்ணிக்கு ஆகுற கரண்டை முதல் மாடியும் எழுதுது, மூணாம் மாடியும் எழுதுது. அந்த அட்டவணையைச் சரிபார்த்தவனும் நான்தான். தப்புன்னு தெரிஞ்ச பெறகுதான் படிவத்துல அமுக்கினேன். தெரியாமச் செய்யல."

மைக்கை யாரும் அணைக்கவில்லை. அணைக்க வேண்டியது எந்தப் பிரிவு என்று அதற்குள் முடிவாகியிருக்காது. வலது பக்கம் இடது பக்கத்தைப் பார்த்தது. இடது பக்கம் வலது பக்கத்தைப் பார்த்தது. பல வருடங்களில் அவர்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆணையர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நீங்க உறுதி செய்யலையா?"

"இல்லைங்க."

"இது உங்க மேல வழக்காகும். தெரியுமா?"

"தெரியும்."

"வேலை?"

"தெரியும்ங்க."

ஆணையர் அவனை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பாராட்டும் இல்லை, இரக்கமும் இல்லை. ஒரு நாளின் ஒழுங்கு கெட்டுப்போன எரிச்சல்தான் அந்த முகத்தில் இருந்தது. பின்னால் நின்ற உதவியாளரிடம் திரும்பினார். "முன்னுதாரணம் ஏற்கப்படலைன்னு பதிவு பண்ணுங்க. சென்டர்களுக்குப் போன படிவத்தையெல்லாம் திரும்ப வாங்குங்க. அட்டவணையை யார் வச்சிருக்கா?"

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டின.

ஜெஸ்வின் மேடையிலிருந்து இறங்கத் திரும்பினான். மிருதுளா குறுக்கே நின்றிருந்தாள். கையில் அவளுடைய மைக் இன்னும் உயிரோடு இருந்தது. முகம் வெளுத்திருந்தது. உண்மையிலேயே கேட்டாளா, சுவரொட்டியில் வாக்கியத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று பழக்கதோஷத்தில் கேட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அப்போ அவங்க கடைசியா என்னதான் சார் சொன்னாங்க?"

அரங்கு முழுவதும் அது கேட்டது. அவன் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஏழு வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. கல்லறையில் பாதிரியார்கூடக் கேட்கவில்லை.

"திங்கக்கிழமை காலையில," என்றான். "ஏழரை மணி இருக்கும். வியாழக்கிழமைக்குப் பெறகு அவளுக்கு மெஷின் இல்ல. கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தா. கால் ரெண்டும் வீங்கியிருந்துச்சு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு ராத்திரி முழுக்க உக்காந்தேதான் இருந்தா. நான் ஷூ போட்டுக்கிட்டிருந்தேன்."

தான் அவளுக்குச் சொன்ன பதிலை முதலில் சொன்னான், கடைசியில் நிற்பது அவள் கேட்டதாக இருக்கட்டும் என்று.

"நாளைக்கு இருக்கும்னு சொல்லிட்டு நான் கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன். செய்தி வந்துச்சான்னு ஃபோனை எடுத்துக்கூடப் பாக்கல. அவ கேட்டது இவ்வளவுதான்."

பிறகு அவள் கேட்டதை, அவள் கேட்ட மாதிரியே, சத்தம் கூட்டாமல் சொன்னான்.

"ஏங்க, இன்னைக்காவது எனக்கு மெஷின் உண்டா?"